பேங்க் நம்பாத வீட்டு முதலாளி

இந்த வருடத்துக்குள் வீட்டு முதலாளி ஆகிவிடுவதென்று பல் தேய்க்கும்போது முடிவெடுத்தேன். வாய் கொப்பளிப்பதற்குள் மூன்று வீடு வாங்கியிருந்தேன்.

பேங்கில் என் கிரெடிட் ஸ்கோரைப் பார்த்த மேனேஜர், தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி பார்த்தார். நான் மறந்துபோன ஃப்ரிட்ஜ் தவணை, நண்பனுக்குப் போட்ட ஜாமீன் எல்லாம் அங்கே பத்திரமாக இருந்தன.

"லோனா? உங்களுக்கா?" என்றார்.

விடுவேனா? குடியிருக்கும் வீட்டையே ஓனரிடம் நேராகத் தவணைக்குப் பேசி முடித்துவிடுவது. சும்மா கிடக்கும் மாடியை வாடகைக்கு விட்டால் தவணை தானாக ஓடும். அப்புறம் பக்கத்து வீடு. அப்புறம் தெரு. இரண்டு நாளாக ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. சோறு இறங்கவில்லை.

"ஏங்க, எதுக்கு இப்படி ஹாலை அளந்துக்கிட்டிருக்கீங்க?" என்றாள் மனைவி. ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. பார்வையிலேயே ஊசி குத்துவாள்.

"எல்லாம் காரணமாத்தான்."

"காரணத்தைச் சொல்லிட்டு அளங்க."

"சொன்னா மயக்கம் போட்டுடுவ."

"பரவாயில்ல, எனக்கு லீவு பாக்கி இருக்கு."

இவளிடம் ஒரே ஒரு தடவை ஜெயிக்க வேண்டும். வேறெதுவும் வேண்டாம். பத்திரத்தை நீட்டும்போது அவள் வாயடைத்து நிற்பதைக் கண்ணாரப் பார்க்க வேண்டும்.

ஓனரின் பெயிண்ட் கடைக்கு ஓடினேன். வாடகையை மாதாமாதம் மனைவி கையில் கொடுத்துவிடுவதால் அவரைப் பார்த்தே வருஷக்கணக்காகிவிட்டது.

"சார், வீட்டை எனக்குக் கொடுத்துடுங்க. மாசாமாசம் கட்டிடறேன்."

"எந்த வீட்ட?"

"நான் குடியிருக்கற வீட்டத்தான்!"

"அத வித்து நாலு வருஷமாச்சே, தம்பி."

"யாருக்கு சார்?"

"உங்க சம்சாரத்துக்குத்தான். வீட்ல சொல்லலையா?"

வீட்டுக்கு வந்த வேகத்தில் செருப்பைக்கூடக் கழற்றாமல் கத்தினேன். அவள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

"உங்க பேரையும் சேர்த்தா லோன் வராதுன்னாங்க. என் பேர்லயே வாங்கிட்டேன்."

"அப்போ நான் கொடுத்த வாடகையெல்லாம்?"

"அதுலதான் தவணை போகுது."

"நாலு வருஷமா என்கிட்ட மறைச்சிட்டியே!"

"சொல்லியிருந்தா வாடகை கொடுத்திருப்பீங்களா?"

எனக்கு அழுகைதான் வந்தது. கால் மட்டும் ஹாலில் நடந்துகொண்டே இருந்தது.

"அப்போ இந்த வீட்ல நான் யாரு?"

கடைசி சட்டையை மடித்து வைத்துவிட்டு, நிஜமாகவே அன்பாகப் பார்த்தாள்.

"ஒரு மாசம்கூடத் தவறாம வாடகை கொடுத்தவர். உங்கள மாதிரி ஆள் கிடைக்கிறது கஷ்டம். அதனாலதான் அடுத்த மாசத்துலேருந்து ஐந்நூறு மட்டும் ஏத்தறேன்."