மரப்பட்டை மாத்திரை

வாடிக்கையாளர் சொன்னது சாலை முனை. அவள் காதில் விழுந்தது ஆலை முனை. மூடிக் கிடந்த ஆலை வாசலில் வண்டி காத்திருக்க, கல்யாணப் பெண் ஒருத்தி சாலை முனையில் வெயிலில் நின்று கொதித்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாடகைக் கார் அலுவலகத்தில் பல வருஷமாகப் போன் எடுப்பவள் அவள். அதுவரை முகவரியில் ஓர் எழுத்துப் பிசகியது கிடையாது. முதலாளி கத்தவில்லை. இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சாதாரணமாகச் சொன்னார்.

முழங்கால் வலிக்கென்று அண்ணி கொடுத்த மரப்பட்டை மாத்திரையைத் தொடங்கியதிலிருந்தே காதுக்குள் ஒரு சில்வண்டு. அண்ணியிடம் சொன்னாள். மருந்து உடம்பில் பிடிக்கிறதற்கு அதுதான் அடையாளம், வேளைக்கு இரண்டாகப் போடு என்றாள் அண்ணி. போட்டாள். சில்வண்டு குடும்பத்தோடு குடியேறியது. அதற்கு அதே கம்பெனியின் இன்னொரு மாத்திரை வந்தது. அப்புறம்தான் இந்த ஆலை முனை.

காது டாக்டர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படித்தார்.

"இதை முதல்ல நிறுத்துங்க."

"வெறும் பட்டைதானே டாக்டர், என்ன பண்ணிடும்னு..."

"பட்டையிலயும் மருந்துச் சத்து இருக்கும்மா. அளவு மீறினா காதைப் பாதிக்கலாம். சீக்கிரம் வந்துட்டீங்க, சரியாகிட வாய்ப்பிருக்கு."

டப்பாவில் 'பக்க விளைவே இல்லாதது' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லீவு போட்டுவிட்டு நேரே கம்பெனிக்கே போனாள்.

வரவேற்பில் இருந்த பெண் அவள் பேசி முடிக்கும்வரை சிரித்த முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, புது டப்பா ஒன்றை எடுத்து நீட்டினாள். புகார்ப் பிரிவுக்காரர் தலையை ஆட்டி, ரொம்பச் சந்தோஷம் என்றார். மேனேஜரிடம் மேஜையைத் தட்டியே சொன்னாள்.

"உங்க மாத்திரையால என் வேலை போகப் போகுது சார்."

அவர் எழுந்து கை குலுக்கினார். நாலு பேருக்குச் சொல்லுங்கள் என்று கதவு வரை வந்து வழியனுப்பினார்.

இப்படி ஒரு திமிரை அவள் ஜென்மத்தில் பார்த்ததில்லை. கண்ணில் தண்ணீர் முட்ட, வாசலில் நின்ற காவலாளியிடம் கொட்டித் தீர்த்தாள்.

"மனுஷங்களா இவங்க? ஒருத்தர்கூடக் காது குடுத்துக் கேக்கலையே."

உள்ளே கேட்டுவிடுமோ என்ற கவலை துளியும் இல்லாமல் காவலாளி உரக்கவே சொன்னார்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. மாசாமாசம் சம்பளத்தோட எல்லாருக்கும் ரெண்டு டப்பா இலவசம், இங்க அதைச் சாப்பிடாதவன் நான் ஒருத்தன்தான்."