வாசிங்க அண்ணனும் என்னுடையதல்லாத மிளகு மூட்டையும்

மாத்தளை மாவட்டத்திலேயே, ஏன், முழு இலங்கையிலேயே, தன் கல்யாணத்தைத் தானே அரை மணித்தியாலம் நிறுத்திவைத்த ஒரே மாப்பிள்ளை எங்கள் ஆட்டோ ஸ்டாண்ட் 'வாசிங்க' அண்ணன்தான். பதிவாளர் நீட்டிய தாள் சிங்களத்தில் இருந்தது. "முழுசா வாசிச்சு தமிழ்ல சொல்லுங்க. அப்பறம் சைன் வைக்கிறேன்" என்று பேனாவை மூடிவிட்டார். வாசித்து முடிவதற்குள் மணப்பெண் மூன்று கொட்டாவி விட்டார்.

அன்றோடு அண்ணனின் சொந்தப் பெயரை ஊர் மறந்தது. பல் பிடுங்கப் போன இடத்திலும் வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "அந்த போர்ம வாசிங்க" என்றவர் அவர். நாங்கள் கிண்டல் செய்யாத நாளே இல்லை. அதிகம் செய்தவன் நான்.

அந்த என்னைத்தான் ஒருநாள் காலையில் பொலிஸ் பிடித்தது! கலேவெலயில் என் ஆட்டோவில் ஏறிய ஒருவர் பின்சீட்டில் ஒரு மூட்டை மிளகைப் போட்டார். வழியில் பொலிஸ் சோதனையைக் கண்டதும், "ஒரு பிளேன்டீ குடிச்சிட்டு வாரேன்" என்று கடைப்பக்கம் இறங்கினார். இன்றுவரை அவர் குடித்து முடிக்கவில்லை. மிளகு திருட்டு மிளகு.

பொலிஸ் நிலையத்தில் என் வாக்குமூலத்தை சார்ஜன்ட் மளமளவென்று எழுதினார். எனக்குச் சிங்களம் பேச வரும், ஓர் எழுத்துகூடத் தெரியாது. சைன் வைத்தால் வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்துப் பேனாவை எடுத்துவிட்டேன்.

"தம்பி, பேனாவ கீழ வை!"

வாசலில், செய்தி கேட்டு ஓடிவந்த வாசிங்க அண்ணன்!

"சேர், அவருக்கு எழுத்து தெரியாது. வாசிச்சு விளங்கப்படுத்துங்க. அது அவரோட உரிமை."

"நீ யாரு, லோயரா?"

"இல்ல சேர், ஆட்டோ. லோயர் பின்னால வந்துக்கிட்டிருக்காரு."

சார்ஜன்ட் பெருமூச்சு விட்டு வாசித்தார். அதில் பயணியே இல்லை, மூட்டை என்னுடையதாகியிருந்தது!

"ஆள் எங்க சேர்? பிளேன்டீ கடை எங்க?" என்று அண்ணன் துள்ளினார். கடைசியில் ஆளும் கடையும் வாக்குமூலத்துக்குள் வந்த பிறகுதான் நான் சைன் வைத்தேன்.

மறுநாள் காலை, இருபத்துநான்கு மணித்தியாலம் முடியுமுன், நீதவான் முன் நிறுத்தினார்கள். பிணை கிடைத்தது. அப்புறம் வழக்கு இழுத்தது. தவணைக்குத் தவணை அலைந்து வெறுத்துப்போய், "பேசாம குத்தத்த ஒத்துக்கிட்டு முடிச்சிரவா அண்ணே?" என்றேன்.

அவர் முகம் மாறியது. "பதினெட்டு வயசுல நான் அப்படித்தான் முடிச்சேன் தம்பி. செய்யாத களவு. என்ன எழுதியிருக்குன்னே தெரியாம சைன் வச்சேன், சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம்னு கோர்ட்லயும் ஒத்துக்கிட்டேன். வெளிநாட்டு வேலைக்குப் பொலிஸ் ரிப்போர்ட் கேட்டப்பதான் தெரிஞ்சுச்சு, அந்தக் களவு இன்னும் என் பேர்ல இருக்கு, அது முடியவே இல்லன்னு."

எத்தனை வருடம் அவரைக் கிண்டல் செய்தேன்! வெட்கமாக இருந்தது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. பிளேன்டீ கடைக்காரர் சாட்சிக்கு வந்து, மூட்டையோடு வந்தவரைப் பார்த்ததாகச் சொன்னார். விடுதலை! ஸ்டாண்டில் எல்லா ஆட்டோவும் ஒன்றாக ஹோர்ன் அடித்தது.

இந்தக் கட்டுரையைப் பத்திரிகைக்கு அனுப்புமுன் அண்ணனிடம் நீட்டினேன். வேறென்ன சொல்வார்? "வாசிங்க." வாசித்தேன். கடைசி வரியை மட்டும் இன்னொருமுறை கேட்டார், மறுபடி வாசித்தேன்: எனக்குக் கூடப்பிறந்த அண்ணன் இல்லை, அந்தக் குறையும் இல்லை.