சான்று அக்காவும் வராத பெண்களும்

பொய்யை நம்பாதவர்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். உண்மையையும் நம்ப மறுத்த ஒரே மனுஷி எனக்குத் தெரிந்து புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில்தான் இருந்தார். எங்கள் தெருவில் அவருக்குப் பெயர் சான்று அக்கா.

அப்போது நான் ஒரு சமையல் காண்ட்ராக்டரிடம் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தி, திருப்பூர் பனியன் கம்பெனி, சென்னை ஆஸ்பத்திரி கேண்டீன், ஓசூர் பூப்பண்ணை என்று சுற்றிவிட்டுப் புதுக்கோட்டையில் வந்து இறங்கியிருந்தேன். மழை பெய்தால் பாயைச் சுருட்டி மூலையில் நிற்க வேண்டிய வரிசை வீடு. பக்கத்து அறை அக்காவுடையது. புருஷன் குவைத்தில். பகலில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடிப்பார். மற்ற நேரமெல்லாம் இணையத்தில் ஒரு கலைக்களஞ்சியத்துக்குக் கட்டுரை எழுதுவார். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யாரும் காசில்லாமல் படிக்கலாம். எழுதுகிறவருக்கும் காசு கிடையாது.

"சம்பளம் இல்லாம ராப்பகலா வேல பாக்குறதுக்கு வீட்டு வேலையே இருக்கேக்கா?" என்று கேட்டேன்.

"வெளக்குன பாத்திரம் நாளைக்கும் அழுக்காகும். எழுதுனது நிக்கும்டி" என்றார்.

அங்கே ஒரு விதி. எதை எழுதினாலும், அது ஏற்கெனவே அச்சில் வந்திருக்கிறது என்று சான்று காட்ட வேண்டும். அச்சில் எழுதியவர் அந்த விஷயத்தில் சம்பந்தமில்லாத ஆளாக இருக்க வேண்டும். 'நானே கண்ணால் பார்த்தேன்' என்பது செல்லாது. மற்றவர்கள் இந்த விதியைக் கம்ப்யூட்டரோடு சேர்த்து மூடிவைத்துவிட்டுச் சாப்பிடப் போவார்கள். அக்கா அதை வீட்டுக்குள் கூட்டிவந்து பாய் போட்டுப் படுக்கவைத்துவிட்டார்.

பால்காரர் ஒருநாள் வாயைக் கொடுத்தார்.

"சொட்டுத் தண்ணி கலக்கலைங்க."

"யாரு சொன்னா?"

"நாந்தாங்க சொல்றேன்."

"நீங்க சம்பந்தப்பட்ட ஆளு. செல்லாது."

"வேணும்னா மாட்டக் கூட்டியாரவாங்க?"

"மாடும் சம்பந்தப்பட்டதுதான்" என்று பாத்திரத்தை நீட்டினார் அக்கா.

தெருவில் ஒரு பெரியவர் இறந்துபோனபோது, "தங்கமான மனுசன்" என்று யாரோ அழ, அக்கா பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாக, "இது எதுல வந்திருக்கு?" என்று கேட்டுவிட்டார். கையைப் பிடித்து இழுத்துவந்தது நான்தான். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் அங்கே இரண்டாவது பாடை கட்டியிருப்பார்கள்.

புருஷனையும் விடவில்லை. "ஒன்னயவே நெனச்சுக்கிட்டு இருக்கேன்" என்று அவர் குவைத்திலிருந்து உருக, அக்கா "சான்று?" என்றார். மறுநாள் அந்த மனிதர் தன் கட்டிலுக்கு மேலே ஒட்டியிருந்த அக்காவின் படத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினார். "அவரே எடுத்தது, செல்லாது" என்று அக்கா தள்ளுபடி செய்தார். ஆனால் அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டே டைப் அடித்தாராம்.

தனக்கும் சலுகை தரவில்லை. கந்தர்வக்கோட்டைப் பக்கம் முந்திரி உடைக்கிற பெண்களைப் போய்ப் பார்த்து, தோலில் பட்டால் வெந்துபோகிற முந்திரிக்கொட்டைப் பாலைத் தன் விரலிலும் வாங்கிக்கொண்டு வந்து, கட்டுரை எழுதினார். இரண்டே நாளில் நீக்கிவிட்டார்கள். அந்தப் பெண்களைப் பற்றி அச்சில் எதுவும் இல்லை. வெந்த விரலில் எண்ணெய் தடவியபடி, "அவங்க செஞ்சது சரிதான், விதி விதிதானே" என்றார். எனக்குத்தான் வயிறு எரிந்தது.

அப்புறம் அந்த மாநாடு வந்தது. கலைக்களஞ்சியத்துக்கு எழுதுகிறவர்கள் பல ஊர்களிலிருந்து புதுக்கோட்டைக்கு வந்து, ஒரு கல்யாண மண்டபத்தில் இரண்டு நாள் கூடினார்கள். சாப்பாடு எங்கள் காண்ட்ராக்ட்.

அக்காவுக்கு அதில் ஒரே ஒரு ஆசை. கொடும்பாளூரிலிருந்து ஒரு தையல்காரி, முந்திரி உடைக்கிற ஒரு பெண், ஒரு நர்ஸ், ஒரு கல்லூரி மாணவி என்று நாலு பேருக்கு எழுதப் பழக்கியிருந்தார். மாநாட்டின் முடிவில், பெண்களுக்கான பயிற்சி முகாமை எந்த ஊரில் நடத்துவது என்று தீர்மானிப்பார்கள். முகாம் கிடைக்கிற ஊருக்குக் கம்ப்யூட்டர்களும் கிடைக்கும். புதுக்கோட்டைக்குக் கிடைத்தால் அந்த நாலு பேரும் தொடர்ந்து எழுதலாம். வேறு ஊர் என்றால் வீட்டில் விடமாட்டார்கள். அதோடு முடிந்தது.

முதல் நாள் காலை நாலு பேரும் பட்டுப்புடவையில் வந்தார்கள். ஒருங்கிணைப்பாளர் அவர்களைப் பார்த்ததும் மலர்ந்துபோனார். "வாங்கம்மா, வாங்க. வாசல்ல பொண்ணுங்க நின்னாத்தான் லட்சணம்" என்று பன்னீர்ச் செம்பைக் கையில் கொடுத்துவிட்டார். வருகிறவர்களுக்கெல்லாம் பன்னீர் தெளித்து, கழுத்தில் பெயர் அட்டையை மாட்டி உள்ளே அனுப்பினார்கள். அட்டை தீர்ந்துபோனது. தங்களுக்கு மாட்டிக்கொள்ளவில்லை என்பது அவர்களுக்கும் தோன்றவில்லை, அக்காவுக்கும் தோன்றவில்லை. கல்யாண வீட்டில் வாசலில் நிற்கிற பெண் தன் தலையிலேயே பன்னீர் தெளித்துக்கொள்வாளா?

மத்தியானம் பந்திக்குப் பிறகு ஒரு அமர்வு. தலைப்பு, 'பெண்கள் ஏன் வருவதில்லை?' பேசியவர் ஓர் ஆண். தலைமையும் ஆண். கேட்டவர்களில் பாதிப் பேர் என் பாயசத்தின் புண்ணியத்தில் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

அக்கா எழுந்தார். "பெண்கள் வரலைங்குறதுக்குச் சான்று இருக்குங்களா?"

"கண்ணாலதான் பாக்குறோமேக்கா."

"கண்ணால பாத்தது செல்லாதுங்களே!"

தூங்கியவர்கள் எழுந்து சிரித்தார்கள். அக்கா சிரிப்புக்காகக் கேட்கவில்லை. வாசலைக் கை காட்டினார். அங்கே நாலு பேரும் நின்றிருந்தார்கள். பேச்சாளர் திரும்பிப் பார்த்து, "ஆமாமா, ஏற்பாடெல்லாம் பிரமாதம்" என்றார்.

மாநாட்டின் உண்மையான பேச்செல்லாம் எதிரே இருந்த டீக்கடையில்தான் நடக்கிறது என்பதைச் சாயங்காலம் அக்கா கண்டுபிடித்தார். யார் குழுவில் வருவது, எந்த ஊருக்கு எது என்பதெல்லாம் அங்கே கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு பேசி முடிக்கிறார்கள், மேடையில் வாசிக்கிறார்கள். அக்கா நாலு பேரையும் கூட்டிக்கொண்டு ரோட்டைக் கடந்தார். நானும் வேலை முடிந்து பின்னாலேயே போனேன்.

பேச்சு பட்டென்று நின்றது. ஒருவர் சிகரெட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"அக்கா, நீங்க எதுக்கு ரோட்டுக்கு? உள்ள டீ அனுப்பச் சொல்றேனே."

"டீக்கு வரல தம்பி. பேச்சுக்கு வந்தோம். பேசுங்க."

ஒருவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு நடந்தார். இன்னொருவருக்கு லாட்ஜில் ஏதோ மறந்துபோனது ஞாபகம் வந்தது. கொஞ்ச நேரத்தில் பெஞ்சு காலி. டீக்கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏன் ஆத்தா, சும்மா நின்னே கடையக் காலி பண்ணிட்டீங்களே!"

காலி பெஞ்சில் நாங்கள் உட்கார்ந்தோம். தையல்காரியும் நர்ஸும் அன்றுதான் முதல்முறையாக உட்கார்ந்து பேசிக்கொண்டார்கள். முந்திரிக் கைக்கு என்ன தடவலாம் என்று நர்ஸ் சொன்னார். மாணவி எல்லோரின் போன் நம்பரையும் வாங்கிக்கொண்டாள். தீர்மானம் மட்டும் லாட்ஜ் அறையில் நடந்துகொண்டிருந்தது.

இரண்டாம் நாள் கடைசியில் குழுப்படம். அதற்குள் நாலு பேரும் போய்விட்டார்கள். அவரவர் ஊர் பஸ்ஸை விட்டுவிட்டு இருட்டில் போய் இறங்கினால் வீட்டில் அப்புறம் வாசலைத் தாண்ட விடமாட்டார்கள். படம் எடுக்க நல்ல கை வேண்டும் என்றார்கள். நல்ல கை அக்காவுடையது. மண்டபப் படியில் ஆண்கள் சிரித்துக்கொண்டு நிற்க, அக்கா எதிரே நின்று எடுத்தார்.

அந்தப் படம் ஒரு உள்ளூர்ப் பத்திரிகையில் வந்தது. கீழே செய்தி: பெண்கள் எவரும் கலந்துகொள்ளாதது வருத்தமளிக்கிறது, ஆகவே மகளிர் முகாமை ஆர்வமுள்ள வேறு நகரத்தில் நடத்த முடிவு.

நான் குதித்தேன். "பொய்யின்னு எழுதுக்கா!"

"சான்று இல்லையேடி. இதுதான் அச்சுல வந்திருக்கு."

"நான் பாத்தேன்ல? எலையில சாம்பார் ஊத்துனவ நான்!"

"நீ அச்சுல வரலையே புள்ள."

அந்தப் பேப்பரைக் கசக்கிப் போடுவார் என்று பார்த்தேன். மடித்துப் பெட்டிக்குள் வைத்தார்.

தையல்காரி திருப்பூருக்குப் போனாள். மாணவிக்குக் கல்யாணம். முந்திரிக்காரியின் போனை அவள் மகன் எடுத்துக்கொண்டான். நர்ஸ் மட்டும் கொஞ்ச நாள் எழுதிவிட்டு நிறுத்திக்கொண்டார். ஒருநாள் காலை பால்காரர் வழக்கம்போலச் சண்டைக்குத் தயாராகி, "சொட்டுத் தண்ணி கலக்கலைங்க" என்றார். அக்கா "சரிங்க" என்று பாத்திரத்தை நீட்டினார். பால்காரர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். "ஒடம்பு சரியில்லையாங்க?" என்று கேட்டுவிட்டு, அந்த மனிதர் அளவுக்கு மேலே கொஞ்சம் ஊற்றிவிட்டுப் போனார்.

அடுத்த மழைக்குள் நான் அந்த வீட்டைக் காலி செய்துவிட்டேன். என் கால் அப்படி. எங்கெங்கோ சுற்றி, இப்போது இந்தப் பத்திரிகையில் ஒரு பக்கம் கொடுத்திருக்கிறார்கள். அச்சில் வருகிற பக்கம். ஆகவே எழுதுகிறேன். அந்த மாநாட்டுக்குப் பெண்கள் வந்தார்கள். வாசலில் நின்றார்கள், கடைசிப் பந்தியில் சாப்பிட்டார்கள். தையல்காரி இரண்டு தடவை மோர் கேட்டாள். படம் எடுத்ததும் ஒரு பெண்தான்.

அச்சில் வந்துவிட்டது, எடுத்துக்கொள்ளுங்கள் அக்கா. ஒரே ஒரு குறைதான். சம்பந்தமில்லாத ஆள் எழுதினால்தான் செல்லும் என்பீர்கள். அதற்கு நீங்கள் வேறு ஆளைத்தான் பார்க்க வேண்டும்.