துறைமுகத்தில் கட்டியிருந்த கப்பல் மூழ்கியது

ஊருக்கெல்லாம் விதிமுறை சொல்லி வேலை பார்ப்பவர்கள் தங்களுக்கு வரும் விதிமுறையைப் படிக்க மாட்டார்கள். இதை நான் அடித்துச் சொல்வேன், ஏனென்றால் அந்தக் கூட்டத்தில் நான் முன்வரிசை. கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் இருபது வருஷமாக ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். நான் வாயைத் திறந்தால் முதலில் வரும் வார்த்தை "ஒரிஜினல் எங்கே?" என்பதுதான். (வீட்டில் காபி கொடுத்தால்கூட அப்படித்தான் கேட்பேன் என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். பொய்.)

கரிக்கலாம்பாக்கத்தில் நாங்கள் புது வீடு கட்டியபோது அழைப்பிதழ் அடிக்கும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். உறவுக்காரர்கள் பெயர்களை எந்த வரிசையில் போடுவது என்று ஒரு சிக்கல் வந்தது. யாரை முன்னால் போட்டாலும் இன்னொருவருக்குக் கோபம் வரும். அரசாங்கப் புத்தி வேலை செய்தது. அகர வரிசையில் அடித்துவிட்டேன். அமுதா, ஆனந்தி, இந்திராணி என்று அழகாக இறங்கி வந்த பட்டியலில் என் வீட்டுக்காரரின் ஒரே அக்கா, என் நாத்தனார் கஸ்தூரி அண்ணி, பதினொன்றாவதாக வந்தார்.

அண்ணி சோரியாங்குப்பத்திலிருந்து வந்து, முறைப்படி பாலைக் காய்ச்சினார். அடுப்பை அணைத்தார். பந்திப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அகர வரிசையாம், அகர வரிசை! நான் இன்னா ரேஷன் கார்டா?" என்று தம்பியிடம் கேட்டுவிட்டு வண்டி ஏறினார். அதோடு எனக்கும் அவருக்கும் பேச்சு நின்றது. எட்டு மாதம்.

நடுவில் மாட்டிக்கொண்டவர் என் வீட்டுக்காரர் முருகையன். நெல்லும் கரும்பும் போடுகிறவர். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அந்த எட்டு மாதத்தில் அக்காவிடமிருந்து எனக்கும், என்னிடமிருந்து அக்காவுக்கும் சேதி சொல்லியே அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது.

சென்னையில் வேலை பார்க்கும் எங்கள் மகள் நிலா இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். சொகுசுக் கப்பலில் இரண்டு ராத்திரிப் பயணம், சென்னையில் ஏறிக் கடலைச் சுற்றிவிட்டுச் சென்னையிலேயே இறங்குவது. எங்கள் மூன்று பேருக்கும் டிக்கெட் போட்டுவிட்டாள்.

"நடுக்கடல்ல கோச்சிக்கினு எங்க போவீங்க? பேசித்தான் ஆவணும்" என்றாள்.

டிக்கெட்டோடு வாட்ஸப்பில் ஒரு நீளமான பட்டியலும் அனுப்பினாள். முதல்முறை கப்பல் ஏறுகிறவர்கள் செய்யும் தப்புகள் என்று தலைப்பு. நான் படிக்கவில்லை. ஆனால் ஆவணத்துக்கு உரிய மரியாதையைச் செய்தேன். பிரிண்ட் எடுத்து, துளை போட்டு, ஃபைலில் கோத்தேன். எங்கள் இரண்டு பேர் ஆதார் அட்டைகளையும் அதே ஃபைலில் பத்திரமாக வைத்தேன். அந்த ஃபைலை அதைவிடப் பத்திரமாகப் பெரிய சூட்கேஸின் அடியில், புடவைகளுக்குக் கீழே வைத்தேன்.

சூட்கேஸில் வேறு என்ன இருந்தது என்பதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது, எப்படியும் பிறகு ஊரே பார்க்கத்தான் போகிறது. இஸ்திரிப் பெட்டி. தண்ணீர் காய வைக்கும் கரண்ட் கெட்டில். புடவை உலர்த்த நைலான் கயிறு. இட்லிப் பொடி. ஒரு தேங்காய், ஒரு கட்டிக் கற்பூரம், தீப்பெட்டி. எலுமிச்சம்பழம் நான்கு.

அண்ணி ஒரே ஒரு ஒயர்க் கூடையோடு வந்தார். என் சூட்கேஸைப் பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்தார்.

"ஏம்பா, குடி மாறிப் போறீங்களா?"

"சொல்லுங்க, தேவையானது மட்டும்தான் எடுத்துக்கினு வரேன்னு" என்றேன் நான், முருகையனிடம்.

"தேவையானதுதானாம்க்கா" என்றார் முருகையன்.

சென்னை போய்ச் சேரும்வரை வேனில் இப்படித்தான் உரையாடல் நடந்தது.

துறைமுகத்தில் இறங்கியதும் சீருடை போட்ட ஒருவர் ஓடிவந்து, "பெட்டியக் குடுங்கம்மா, ரூமுக்கே வந்துடும்" என்றார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. கைப்பையில் ஒரு சீப்பும் கைக்குட்டையும் இருந்தன, மற்றதெல்லாம் சூட்கேஸில். கொடுத்துவிட்டுக் கையை வீசிக்கொண்டு நடந்தேன். அண்ணி மட்டும் ஒயர்க் கூடையை விடவில்லை. "பட்டிக்காட்டுப் புத்தி" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். (சொன்னது கரிக்கலாம்பாக்கம்.)

வரிசை நகர்ந்து கவுண்டருக்கு வந்தோம். கண்ணாடிக்குப் பின்னால் நிலா வயசில் ஒரு பெண். சிரித்தபடி கேட்டாள்:

"ஆதார் குடுங்கம்மா."

அண்ணி இடுப்பிலிருந்த சுருக்குப் பையைத் திறந்து ஆதார் அட்டையை எடுத்து வைத்தார். நான் கைப்பையைத் திறந்தேன். சீப்பும் கைக்குட்டையும்தான் இருந்தன.

"பெட்டில இருக்கு."

"பெட்டி எங்க?"

"நீங்கதான் வாங்கிக்கினீங்க."

உடனே நிலாவுக்குப் போன் போட்டேன். ஆதாரை நான் எப்போதோ அனுப்பிய படம் அவளிடம் இருந்தது. அனுப்பினாள். போனைக் கண்ணாடிக்கு நேராகத் தூக்கிக் காட்டினேன். அந்தப் பெண் பார்த்தாள். அப்புறம் சொன்னாள். எந்தக் குரலில் சொன்னாள் என்றால், இருபது வருஷமாக நான் சொன்ன அதே குரலில், அதே சலிப்பில்:

"ஒரிஜினல் எங்கே?"

என் பக்கத்தில் முருகையன் இருமினார். இருமல் இல்லை அது, எனக்குத் தெரியும்.

"இன்னும் ஒரு மணி நேரத்துல கவுண்டர் மூடிடுவோம். பெட்டி கெடச்சாப் பாக்கலாம். இல்லன்னா இந்தம்மா மட்டும் போலாம்" என்று அண்ணியைக் காட்டினாள்.

அண்ணி அட்டையை எடுத்துச் சுருக்குப் பைக்குள் திரும்பப் போட்டார். "நான் ஒண்டியா போயி இன்னா பண்றது, மீனுக்குப் பேரு வைக்கவா? வாங்க, பெட்டியத் தேடலாம்" என்றார். சொன்னது தம்பியைப் பார்த்துத்தான். ஆனால் 'வாங்க' என்றார். அதில் நானும் சேர்த்தியா இல்லையா என்று யோசிக்க அப்போது நேரமில்லை.

தேட வேண்டியிருக்கவில்லை. சூட்கேஸ் ஏற்கெனவே பிடிபட்டிருந்தது. இஸ்திரிப் பெட்டி எந்திரத்தில் தெரிந்து, அதைத் தனியாக ஒரு மேசையில் ஏற்றி வைத்திருந்தார்கள். மேசை எங்கே இருந்தது என்றால், கப்பலுக்குப் போகிற முழு வரிசையும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும்.

பாதுகாப்பு அதிகாரி ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். இஸ்திரிப் பெட்டி. கெட்டில். கயிறு. தீப்பெட்டி. வரிசையில் நின்ற ஒரு குடும்பம் முன்னேறாமல் நின்று பார்த்தது. அவர்களுக்குப் பின்னால் இருந்தவர்கள் ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்காமல் அவர்களும் எட்டிப் பார்த்தார்கள்.

"கற்பூரம், தேங்காயெல்லாம் எதுக்கும்மா?"

"கெளம்பும்போது சுத்திப் போட."

"எலுமிச்சம்பழம்?"

இந்த இடத்தில் நான் பொய் சொல்லியிருக்கலாம். ஜூஸ் போட என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அதிகாரி கேட்டால் உண்மையைச் சொல்லிப் பழக்கம்.

"சக்கரத்துக்குக் கீழ வைக்க."

சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் விழுந்தது. அதிகாரி பழத்தைப் பார்த்தார், வெளியே ஏழு மாடி உயரத்துக்கு நின்ற கப்பலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எந்தச் சக்கரம்மா?"

வரிசை மொத்தமும் சிரித்தது. யாரோ போனைத் தூக்கிப் படம் எடுத்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்போது அண்ணி என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார்.

"இன்னா சார், கடை பரப்பி ஏலம் வுடறியா? உங்க வூட்டுப் பொம்பளைங்க பொட்டிய இப்படித்தான் நாலு பேரு எதிர்ல தொறப்பியா? வேணாங்கிறத எடுத்துக்க, அந்த ஃபைலக் குடு, நாங்க போறோம்." பிறகு படம் எடுத்தவர் பக்கம் திரும்பினார். "தம்பி, உள்ள வெய்யி அத."

போன் உள்ளே போனது. ஃபைல் கைக்கு வந்தது, மிச்சத்தோடு பெட்டி கப்பலுக்குப் போனது. நிலா அனுப்பிய பட்டியல் மேலாக இருந்தது. முதல் வரியிலேயே எழுதியிருந்தாள்: அடையாள அட்டையைக் கைப்பையில் வைக்கவும். இரண்டாவது வரி: இஸ்திரிப் பெட்டி கூடவே கூடாது.

கவுண்டருக்குத் திரும்பி ஓடும்போது அண்ணி மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார். "அந்த இஸ்திரிப் பொட்டி எதுக்குடி?"

எட்டு மாதத்தில் என்னிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி அது.

"ஃபோட்டோல புடவ கசங்கித் தெரியக் கூடாதுன்னு, அண்ணி."

அவர் வேகமாக நடந்தார்.

கவுண்டர் மூடுவதற்குள் ஏறிவிட்டோம். அறைக்குப் போய்ச் சேர்ந்தபோது மதியம் மூன்று மணி. நியாயமாகப் பட்டியலின் மிச்சத்தையும் நான் உட்கார்ந்து படித்திருக்க வேண்டும். வேர்வையும் அவமானமும் சேர்ந்து உடம்பெல்லாம் பிசுபிசுத்தது. அக்காவும் தம்பியும் சாப்பாடு எங்கே என்று பார்க்கப் போனார்கள். நான் குளிக்கப் போனேன். ஒலிபெருக்கியில் ஏதோ அறிவிப்பு வந்தது. ஷவர் சத்தத்தில் கேட்கவில்லை.

குளித்து, நைட்டி போட்டுக்கொண்டு தலையில் துண்டைச் சுற்றும்போது சங்கு ஊதியது. ஒன்று. இரண்டு. மூன்று. சுவர் அதிர்ந்தது. ஏழு முறை விட்டு விட்டு ஊதி, எட்டாவது முறை ஊதியது ஊதியதுதான், நிற்கவே இல்லை.

எனக்குத் தெரிந்த ஒரே விளக்கம்தான் தோன்றியது. கப்பல் மூழ்குகிறது. கற்பூரம் சுற்றவில்லை, தேங்காய் உடைக்கவில்லை, மூழ்காமல் என்ன செய்யும்?

அலமாரியைத் திறந்தேன். ஆரஞ்சு நிறத்தில் மிதவை உடுப்பு. எங்கே தலை, எங்கே கை என்று பார்க்காமல் மாட்டினேன். அதில் ஒரு விசில் தொங்கியது. வாயில் வைத்தேன். அந்த நீளமான தாழ்வாரத்தில், நைட்டியும் தலைத் துண்டும் ஆரஞ்சு உடுப்புமாக, விசில் ஊதிக்கொண்டு நான் ஓடிய ஓட்டத்தைப் பள்ளிக்கூடத்தில் ஓடியிருந்தால் ஏதாவது கோப்பை கிடைத்திருக்கும்.

ஒரு பெரிய கூடம் வந்தது. இருநூறு பேராவது இருப்பார்கள். அமைதியாக நின்று கொண்டிருந்தார்கள். சிலர் கையில் டீ.

"கப்பல் முழுவுது!" என்று கத்தினேன். "டீ குடிச்சிக்கினு நிக்கிறீங்களே, கப்பல் முழுவுதுபா!"

நடுவில் அண்ணி தெரிந்தார். பக்கத்தில் முருகையன், கையில் சமோசா. நான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் அண்ணியின் கையைப் பிடித்தேன். "வாங்க அண்ணி, படகு எங்கன்னு பாக்கலாம், வாங்க!" என்று இழுத்தேன்.

மைக் வைத்திருந்த ஊழியர் மென்மையான குரலில் சொன்னார்: "மேடம், இது பயிற்சி. கப்பல் இன்னும் கெளம்பவே இல்ல."

ஜன்னலைப் பார்த்தேன். துறைமுகம் அப்படியே இருந்தது. கப்பலைக் கட்டியிருந்த கயிறு இருந்தது. கயிற்றின் மேல் ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது.

அவர் அதோடு விட்டிருக்கலாம். "எல்லாரும் இந்த மேடத்தைப் பாருங்க. மிதவை உடுப்பை இப்படிப் போடக் கூடாது. தலைகீழாப் போட்டிருக்காங்க" என்று என்னை வைத்தே பாடம் எடுத்தார். நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கப்பல் நிஜமாகவே மூழ்கினால் தேவலாம் என்று இருந்தது.

அண்ணிக்குச் சிரிப்பு முதலில் தோளில் ஆரம்பித்தது. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்துக்கொண்டே என் தலையிலிருந்த துண்டை அவிழ்த்து நைட்டிக்கு மேல் போர்த்தினார். என் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தார். யாரோ ஒரு அம்மா, யார் இது என்று கேட்டதற்கு, "எங்க தம்பி பொண்டாட்டி. கவருமென்ட்டு உத்தியோகம்" என்றார், குறையாத மரியாதையோடு.

அடுத்த இரண்டு நாளும் நான் எங்கே போனாலும், "விசில் அக்கா வராங்க" என்று வழி விட்டார்கள். புடவை கசங்கித்தான் இருந்தது. எல்லா ஃபோட்டோவிலும் அண்ணி என் தோளில் கை போட்டிருப்பதால் கசங்கல் பாதிக்கு மேல் தெரியவில்லை.

இந்த வருஷம் அண்ணி மகன் கல்யாணம். தாலி கட்டும் நேரத்தில் மண்டபத்தில் கரண்ட் போய்த் திரும்பி வந்ததில், மேளச் சத்தத்துக்கு நடுவே மைக் கீ என்று அலறியது. அண்ணி மேடையிலிருந்தே என்னைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "ஏ வசந்தா, கப்பல் முழுவுதுடி, விசில் எடு!" சொந்தக்காரர்கள் மொத்தமும் சிரித்தார்கள். எங்கள் குடும்பத்தில் இப்போது பால் பொங்கி வழிந்தாலும், மோட்டார் நின்றாலும், பரீட்சையில் மார்க் குறைந்தாலும் கப்பல்தான் மூழ்குகிறது.

பந்தியில் புது மருமகள் விவரம் கேட்டாள். அண்ணி முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்து, "அவ்ளோ பயத்துலயும் ஓடியாந்து மொதல்ல என் கையத்தான் புடிச்சா" என்றார்.

"அப்ப மாமா?" என்றாள் அந்தப் பெண்.

எனக்குச் சங்கடமாகிவிட்டது. "அவருக்கு இன்னா, பாகூர் ஏரியிலயே நீஞ்சி வளந்தவரு. எப்படியும் கரைக்கு வந்துடுவாரு" என்று சமாளித்தேன்.

"யாரு, இவனா?" அண்ணிக்குச் சோறு புரையேறியது. "முட்டிக்கு மேல தண்ணி வந்தா எங்கம்மாவக் கூப்புடுவான்!"

எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். நான் திரும்பி என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் நிதானமாக ரசத்தைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"இத்தினி வருசத்துல யாரும் கேக்கல" என்றார்.