பெல்ட் போட்ட திருஷ்டி பொம்மை

விபத்துப் பதிவேடு என்று ஒரு நோட்டு உண்டு. கட்டட வேலை நடக்கும் இடத்தில் யாருக்காவது அடிபட்டால் பெயர், நேரம், காரணம் எல்லாவற்றையும் அதில் எழுத வேண்டும். ஊருக்கெல்லாம் பாதுகாப்புப் பாடம் நடத்திய நான் முதன்முதலில் திறந்த பதிவேட்டின் முதல் பக்கத்தில் இருப்பது என் பெயர்தான். எழுதியதும் நானேதான். காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் அரை மணி நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசி. கட்டடத் தொழிலாளர்களுக்கென்று தனிச் சட்டம் வந்த புதிது. பாலிடெக்னிக் முடித்துவிட்டு மீசையை மழுங்க வழித்துக்கொண்டு திரிந்த எனக்கு (மீசை சரியாக முளைக்கவில்லை என்பதுதான் உண்மை), அருப்புக்கோட்டை காண்ட்ராக்டர் ஞானதுரை அண்ணாச்சியிடம் சூப்பர்வைசர் வேலை கிடைத்தது. பந்தல்குடியில் தூத்துக்குடி ரோட்டோரம் இரண்டு மாடிக் கல்யாண மண்டபம் ஒன்றை அவர் கட்டிக்கொண்டிருந்தார். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார்.

“லேபர் இன்ஸ்பெக்டர் வாராராம்லே. ஹெல்மெட்டு, பெல்ட்டு, மருந்துப் பெட்டின்னு சட்டம் கேக்குற அம்புட்டையும் வாங்கிப் போட்டுட்டேன். அவுக ஒரு குறையும் சொல்லாமப் போனா உனக்கு வேலை நிரந்தரம். இல்லன்னா உங்க அய்யாகூடப் பருத்தி எடுக்கப் போயிரு.”

என் அய்யா எம்.ரெட்டியபட்டியில் வானம் பார்த்த பூமியில் பருத்தி போட்டு, பாதி வருடம் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர். மகனாவது நிழலில் நின்று சம்பாதிக்கட்டும் என்று என்னைப் படிக்க வைத்தார். (அந்த சைட்டில் நிழலே கிடையாது என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.) வேலை போனால் அவர் முகத்தில் எப்படி முழிப்பது?

ஆகவே ஒரு வாரம் தினமும் காலையில் எல்லாரையும் மணல் குவியல் முன்னால் உட்கார வைத்துச் சட்டத்தை விளக்கினேன். சித்தாள்களில் மூத்தவரான மாரியம்மாக்கா ஹெல்மெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அது சரி தம்பி. இந்தத் தொப்பியக் கவுத்திட்டா சும்மாட்ட எங்க வைக்க? கலவைச் சட்டிய எங்க தூக்க? அதுக்குன்னு சட்டத்துல இன்னொரு தலை குடுத்திருக்காகளா?”

சட்டத்தைப் புரட்டிப் பார்த்தேன். கொடுக்கவில்லை.

உயரத்திலிருந்து விழாமல் கயிற்றோடு இடுப்பில் மாட்டிக்கொள்ளும் பெல்ட்டை முனியாண்டிக் கொத்தனார் தொடவே மாட்டேன் என்றார். “இத்தனை வருசமா சாரத்துல நிக்கேன். என்னையக் கன்னுக்குட்டி மாதிரிக் கட்டிப்போட்டா கை எப்படி ஓடும்?” மருந்துப் பெட்டியை நானே பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். திறந்து வைத்தால் பஞ்சும் பிளாஸ்திரியும் காணாமல் போய், இன்ஸ்பெக்டர் வரும்போது பெட்டி காலியாக இருக்குமே! அவ்வளவு முன்யோசனை எனக்கு.

அந்த நாளும் வந்தது. காலை பதினோரு மணிக்கு ஜீப்பிலிருந்து இறங்கிய இன்ஸ்பெக்டர், கண்ணுக்கு மேல் கையை வைத்து அண்ணாந்து பார்த்தார்.

“ரெண்டாவது மாடி ஓரத்துல ஒருத்தர் கைய விரிச்சுக்கிட்டு நிக்கிறாரே. ஹெல்மெட் போட்டிருக்காரு, சந்தோஷம். பெல்ட் எங்க?”

நிமிர்ந்து பார்த்தேன். திருஷ்டி பொம்மை! பழைய பேண்ட் சட்டையில் வைக்கோல் திணித்து, துணி முகத்தில் கரியால் முறுக்கு மீசை வரைந்து, சாரத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தது. “எனக்கு இதுல நம்பிக்கை கிடையாது. ஆனா கழட்டாதீக” என்று ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகும் வேதக்காரரான அண்ணாச்சியே சொல்லிவிட்ட பொம்மை. சித்தாள்கள் வேண்டாம் என்று கழற்றிப் போட்ட ஹெல்மெட்டில் ஒன்றை முனியாண்டி அதன் தலையில் மாட்டியிருந்தார்.

“சார், அது பொம்மை” என்று சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் எங்கள் சைட்டில் சட்டத்தை ஒழுங்காக மதிக்கும் ஒரே ஆள் வைக்கோலால் ஆனவர் என்பதை ஒரு அரசாங்க அதிகாரியிடம் எந்த வாயால் சொல்வது? “இப்பவே மாட்டிவிடுறேன் சார்” என்று இரண்டு பெல்ட்டுகளைத் தூக்கிக்கொண்டு மேலே ஓடினேன்.

ஒரு பெல்ட்டை நான் மாட்டிக்கொண்டேன். இரண்டின் கயிற்றையும் தூணில் நீட்டிக்கொண்டிருந்த கம்பியில் கட்டினேன். சாரத்தில் இறங்கி, பொம்மையின் இடுப்பைக் கட்டிப்பிடித்துப் பெல்ட்டை மாட்டி, இறுக்குவதற்காக ஓர் அடி பின்னால் வைத்தேன். பலகையின் அந்த நுனி கட்டப்படவில்லை. (பலகை கட்டியிருக்கிறதா என்று தினமும் பார்ப்பது யார் கடமை? என் கடமை.) பலகை கிணற்று ஏற்றம்போல ஒரு பக்கம் தூக்கியது. பிடித்த பிடியை விடாத நானும், கட்டு அறுந்த பொம்மையும் ஜோடியாகத் தொங்கினோம்.

பெல்ட் போடுவது எப்படி என்று ஒரு வாரம் பாடம் நடத்தியிருந்தேன். தொங்குகிறவனை இறக்குவது எப்படி என்று நடத்தவில்லை. நான் அலறிய அலறலில் ரோட்டில் போன தூத்துக்குடி பஸ்ஸே நின்றுவிட்டது. ஜன்னலெல்லாம் தலை.

கீழே இன்ஸ்பெக்டர் பதறிக்கொண்டிருந்தார். “கத்துறவருக்கு ஒண்ணுமில்லப்பா! அந்த இன்னொருத்தரப் பாருங்க, சத்தமே காணோமே!”

அவர் சொல்லி வாய் மூடவில்லை. பொம்மை பெல்ட்டிலிருந்து வழுக்கி நேராக அவர் காலடியில் போய் விழுந்தது. ஹெல்மெட் ஒரு பக்கம், வைக்கோல் ஒரு பக்கம். அவர் ஜீப்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு கேட்டார்: “இவரு பேரு வருகைப் பதிவேட்டுல இருக்கா?”

மாரியம்மாக்காவும் சித்தாள்களும் மேல் தளத்திலிருந்து கயிற்றைப் பிடித்து, கிணற்றில் வாளி சேந்துவதுபோல என்னைச் சேந்தி எடுத்தார்கள். முழங்கையில் தோல் வழன்று ரத்தம். மருந்துப் பெட்டி பூட்டியிருந்தது. தொங்கிய நேரத்தில் சாவி பையிலிருந்து நழுவி எங்கோ விழுந்திருந்தது. கடைசியில் டீக்கடையிலிருந்து காப்பித்தூள் வாங்கி வந்து அப்பினார்கள்.

இன்ஸ்பெக்டர் குறைகளை ஒரு முழுப் பக்கம் எழுதினார். பலகை, பூட்டிய பெட்டி, இறக்க வழியில்லாதது, இல்லாத விபத்துப் பதிவேடு. அதை அன்றே திறக்கச் சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பக்கத்தைப் படித்த அண்ணாச்சி என் முன்னால் வந்து நின்றார். பருத்திக் காடு கண்ணில் தெரிந்தது.

“ஏலே, பெல்ட்டு மட்டும் இல்லன்னா உங்க அய்யாவுக்கு நான் என்னடா பதில் சொல்லியிருப்பேன்?” என்றார். “நாளைக்கு வெள்ளன வந்து மொத்தப் பலகையையும் நின்னு கட்ட வையி.” நான் அழுதுவிட்டேன். காப்பித்தூள் எரிச்சல் என்று சமாளித்தேன். மறுநாள் முனியாண்டி என் பக்கம் பார்க்காமலே கையை நீட்டினார். “அந்தப் பெல்ட்டக் குடுங்க. தாங்குதுன்னு தெரிஞ்சுபோச்சுல்ல.”

காரணம் என்ற கட்டத்தில் கடைசியாக “பொம்மைக்குப் பெல்ட் மாட்டியது” என்றே எழுதினேன்.

இரண்டு வருடம் கழித்து காரியாபட்டியில் பெண் பார்க்கப் போனபோது, பந்தல்குடி மண்டபம் நான் கட்டியது என்று பெருமையடித்தேன். காப்பித் தட்டோடு நின்ற பெண் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். நான் தொங்கிய அன்று, சித்தி வீட்டுக்குப் போக அந்தப் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தவர்களில் அவளும் ஒருத்தி. என் மனைவியானாள். இன்றும் நான் பல்பு மாட்ட ஸ்டூலில் ஏறினால் பிள்ளைகள் பெல்ட்டைத் தேடுகிறார்கள். விருந்தாளி யார் வந்தாலும் கதையை அவள்தான் சொல்வாள்.

“ரெண்டு பொம்மை தொங்குச்சு. அதுல மீசை வச்ச பொம்மைதான் லட்சணமா இருந்துச்சு” என்று முடிப்பாள்.

கல்யாணத்திலிருந்து இன்றுவரை நான் மீசையை எடுத்ததில்லை.