நாப்பது நாற்காலி, ஒரு பெத்தவன்

ஆமாங்க, நீங்க கேட்டது சரிதான். ஸ்கூல் மீட்டிங்குக்கு வந்த தமிழ்ப் பெத்தவங்க நான் ஒருத்தன்தான். தலைவரும் நான்தான்.

போனது ஒரு கையெழுத்துப் போட. மக ரெஹானா அடுத்த வகுப்புக்குப் போகணும், அதுக்கு அப்பன் கையெழுத்து வேணும். இங்க பர்மாவுல, பபேடான் பேட்டையில இருக்கற என் கடைய அரை மணி நேரம் பூட்டிட்டுப் போனேன்.

ஹெட்மிஸ்ட்ரஸ் ஃபைலப் பிரிச்சாங்க. டீச்சரம்மாவ இங்க எல்லாரும் சயாமான்னுதான் கூப்பிடுவோம்; ஆம்பளைங்க பேருக்கு முன்னாடி மரியாதைக்கு 'ஊ' போடுவாங்க.

"ஊ காசிம், வீட்டு பாஷை தமிழ்னு போட்டிருக்கீங்களே?"

"ஆமா சயாமா"ன்னேன், நெஞ்ச நிமித்திக்கிட்டு.

உண்மையச் சொன்னா, எங்க வீட்டுல சோறு கேக்கறதுலேர்ந்து சண்டை வரைக்கும் பர்மா பாஷைதான். மக என்னைய, நம்மாளுங்க அப்பனக் கூப்பிடற மாதிரி, 'அத்தா'ன்னு கூப்பிட்டதே இல்ல. பர்மாக்காரப் புள்ளைங்க மாதிரி 'பேபே'தான். ஆனா ஃபாரத்தக் கையில குடுத்தா, நைட் ஸ்கூல்ல தமிழ் படிச்ச திமிரு வந்துருது. நம்மாளுங்க பல பேரு ஃபாரத்துல மட்டும்தான் தமிழாளு.

"அப்ப உங்களுக்குத் தனி மீட்டிங் வைக்கணும்"னாங்க.

அமெரிக்காவுல கவர்மெண்ட் ஸ்கூலுக்கு ஒரு சட்டம் இருக்காம். பெத்தவங்களக் கூப்பிட்டு யோசனை கேக்கணும், அதுவும் அவங்களுக்குப் புரியற பாஷையில. எங்க ஸ்கூல் முதலாளி அங்க டூர் போயி, சாக்லேட்டோட சேத்து இதையும் வாங்கிட்டு வந்துட்டாரு.

"தமிழ்னு எத்தன பேரு போட்டிருக்காங்க?"

"நீங்க மட்டும்தான். மத்தவங்க பர்மான்னு போட்டுட்டாங்க."

விவரமானவங்க.

"நானும் மாத்திப் போட்டுடறேனே சயாமா."

"அப்ப முன்னாடி போட்டது பொய்யின்னு ஆயிரும். பொய்த் தகவலுன்னா சீட்டு போயிரும்."

தமிழாளாவே இருந்துட்டேன்.

வெள்ளிக்கிழமை போறேன், ஹால்ல நாப்பது நாற்காலி.

"இன்னும் யாரு வராங்க?"

"யாரும் இல்ல. போட்டோவுக்கு."

மொழிபெயர்க்க ஆள் கிடைக்கலையாம், நீங்களே பண்ணிடுங்கன்னாங்க. அவங்க பர்மாவுல சொல்லுவாங்க. நான் எந்திரிச்சு, காலி நாற்காலியப் பாத்துத் தமிழ்ல சொல்லுவேன். அப்புறம் போயி அதே நாற்காலியில உக்காந்து கேட்டுக்கணும். பர்மாவுல தெளிவாப் புரிஞ்சுது. தமிழ்ல நான் சொன்னதுதான் எனக்கு விளங்கல.

கடைசியா, "தமிழ்ப் பெற்றோர் கருத்து என்ன?"ன்னாங்க.

இதுக்காகத்தானே இவ்வளவு தூரம்னு சொன்னேன்: "பொம்பளப் புள்ளைங்க கக்கூஸுல கதவு இல்ல சயாமா. எம் மக காலையிலேர்ந்து தண்ணி குடிக்காம இருந்துட்டு வீட்டுக்கு ஓடி வருது."

"அது இந்த மீட்டிங்ல வராதுங்க. இது பெத்தவங்க பங்கெடுக்கறதப் பத்தின மீட்டிங்."

ரிப்போர்ட்ல எழுதினாங்க: தமிழ்ப் பெற்றோர் அனைவரும் ஏகமனதாக ஆதரவு.

தமிழ்ப் பெற்றோர் சங்கத்துக்குத் தலைவர், செயலாளர், மொழிபெயர்ப்பாளர், உறுப்பினர்னு நாலு எடத்துல கையெழுத்துப் போட்டேன். நான் போட வந்த அந்த ஒரு கையெழுத்து?

"அது வீட்டுக்கு வந்து பாத்த பிறகு. வீட்டுல தமிழ் பேசறீங்களான்னு நேர்ல பாக்கணும்."

வீட்டுக்காரிகிட்ட சொன்னேன். "நீங்க எழுதி வச்சதுக்கு நான் ஏன் பரீட்சை எழுதணும்?"னு கேட்டா. பர்மாவுலதான் கேட்டா. சயாமா இருக்கற வரைக்கும் வாயத் திறக்க மாட்டேன், சிரிச்சுக்கிட்டே டீ மட்டும் குடுப்பேன்னு சொல்லிட்டா.

மகளுக்கு ஒரே ஒரு வரி. "அத்தா, டீச்சர் வந்திருக்காங்க." ஒரு வாரமா சொல்லிக் குடுக்கறேன். நேத்து ராத்திரி தூக்கத்துலகூடச் சரியாச் சொல்லிச்சு. அந்தக் கையெழுத்தப் போட்டு முடிச்சதும், கதவப் பத்தி இன்னொரு தடவ கேக்கலாம்னு இருக்கேன்.

இன்னிக்கு நாலு மணிக்கு வராங்க. வீடு கடைக்கு மேல மூணாவது மாடி. ஆளு வந்தா மக பால்கனியிலேர்ந்து அந்த வரியச் சொல்லணும், நான் ஒண்ணும் தெரியாத மாதிரி ஏறிப் போகணும். அதுவரைக்கும் கல்லாவுல உக்காந்து உங்களுக்கு இத எழுதிக்கிட்டிருக்கேன்.

இந்தா, கூப்பிடுது.

"பேபே! சயாமா லாபீ!"

டீச்சர் வந்தாச்சுன்னு சுத்தமான பர்மாவுல, தெருவுக்கே கேட்டுருச்சு. வெளிய வந்து நிமிந்து பாத்தா, பால்கனியில மக பக்கத்துலயே சயாமா நிக்கறாங்க, கையில அந்த ஃபாரம்.

வரேங்க. சங்கத்தக் கூப்பிடறாங்க.