ஒரு ‘த்’ விட்டுப்போன உடற்பயிற்சி

அன்புள்ள மைத்துனருக்கு, உன் அத்தான் ஆசி கூறி எழுதுவது.

இங்கு நானும் உன் அக்காவும் நலம். இந்த வரியை உலகத்தில் எல்லோரும் வழக்கத்துக்கு எழுதுவார்கள். நான் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பார்த்து, டாக்டர் கொடுத்த சீட்டை எதிரே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஆகவே இதை ஆதாரத்துடன் கூடிய நலமாக எடுத்துக்கொள்ளவும். அங்கு நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும், டிரில் மாஸ்டராக நீ ஊதிப் பள்ளிக்கூடத்தையே நடுங்க வைக்கும் உன் விசிலும் நலம் என்று நம்புகிறேன்.

மாப்பிள்ளை, நான் ஜெயித்துவிட்டேன்! நேற்று எனக்கு அறுபத்து மூன்று வயது ஆகிவிட்டது. இதில் என்ன பெரிய வெற்றி என்று வேறு யாராவது கேட்டால் மன்னிக்கலாம், நீ கேட்கமாட்டாய். எங்கள் வீட்டில் அப்பா போனது அறுபத்திரண்டில், சித்தப்பா போனது அறுபத்திரண்டில், காலண்டரில் தேதி கிழித்துக்கொண்டிருந்த என் அண்ணன் கிழித்த தாளைக் கையில் வைத்துக்கொண்டே போனதும் அறுபத்திரண்டில்தான். எங்கள் குடும்பத்து ஆண்கள் இந்தப் பரீட்சையில் ஒருவர்கூடத் தேறியதில்லை. போன வருடம் எனக்கு அறுபத்திரண்டு பிறந்த நாளிலிருந்து உன் அக்கா பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மதியம் நான் கொஞ்சம் கண்ணயர்ந்தால் மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பாள். கண் திறந்தால், "ஈ உக்காந்துச்சு, ஓட்டினேன்" என்பாள். எங்கள் வீட்டில் ஈயே கிடையாது. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நானும் ஈயைத் திட்டிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வேன்.

உடற்பயிற்சி என்றால் நான் எப்படிப் பேசியவன் என்பது உனக்குத் தெரியும். நாற்பது வருடம் அச்சகத்தில் உட்கார்ந்து புரூஃப் பார்த்தவன். நீ ஒவ்வொரு முறை வரும்போதும் "அத்தான், கொஞ்சம் நடங்க" என்பாய். "நடக்கிறது நடக்கும்" என்று சொல்லிவிட்டு நான் உட்கார்ந்தே இருப்பேன். ஓடாத ஆமை நூறு வருடம் இருக்கிறது, ஓடி ஓடி முயல் என்னத்தைக் கண்டது என்பேன். அந்த வாய்க்கொழுப்புத்தான் இறங்கி ரத்தத்தில் சேர்ந்துவிட்டது போலிருக்கிறது. பழைய சிநேகிதர்களைப் பார்க்கலாம் என்று ஒருநாள் அச்சகத்தின் இரண்டாம் மாடிக்கு ஏறப் போனவன், ஒன்பதாவது படியில் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். டாக்டர் பெண்மணி என்னை மேலும் கீழும் பார்த்தார். "நாப்பது வருஷம் உக்காந்தாச்சு இல்லையா? இப்பவாவது எழுந்திரிங்க. இல்லேன்னா எழுந்திரிக்கவே முடியாமப் போயிடும்" என்றார். பக்கத்தில் நின்ற உன் அக்கா அன்று மாலையே உனக்குப் போன் போட்டாள். மறுவாரம் நீ வந்தாய், உன் கையால் நான்கு வரி எழுதிச் சுவரில் ஒட்டினாய், அவசர வேலை என்று அடுத்த பஸ்ஸில் போய்விட்டாய்.

வினையே அந்த நான்கு வரியில்தான் ஆரம்பித்தது. இதுவரை மானம் கருதி உன்னிடம் சொல்லவில்லை. ஜெயித்தவன் எதையும் சொல்லலாம் என்பதால் இன்று சொல்கிறேன். நீ எழுதிய முதல் வரி: "காலை தூக்கவும், இருபது முறை." இரண்டாம் வரி: "மெதுவாக இறக்கவும்." உன் கால், என் கால் என்று உடம்பில் இருக்கும் காலைச் சொல்வதாக இருந்தால் நடுவே ஒரு ‘த்’ வரவேண்டும். காலைத் தூக்கவும். இரண்டாம் வேற்றுமைக்குப் பின் வல்லினம் மிகும் என்று எட்டாம் வகுப்பிலேயே அடித்துச் சொல்லிக்கொடுத்தார்களே! ‘த்’ இல்லை. ஆகவே அது கால் அல்ல, காலை நேரம். காலையில் தூக்க வேண்டும். எதை என்று நீ எழுதவில்லை. கைக்கு எது கிடைக்கிறதோ அதைத் தூக்கச் சொல்லி, விவரத்தை என் பொறுப்பில் விட்டிருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாம் வரியில் மூச்சை அடக்க வேண்டாம் என்று வேறு எழுதியிருந்தாய், அதுவும் பொருத்தமாகத்தான் இருந்தது.

முதல் வாரம் தண்ணீர் வாளியைத் தூக்கினேன். பாதித் தண்ணீர் வாளியில், பாதி வராந்தாவில். வழுக்கி விழுந்தது நானல்ல, பால் பாக்கெட் போட வந்தவர். பிறகு நாற்காலி, பிறகு உன் அக்காவின் தையல் மெஷின். அதில் பாதி தைத்த ரவிக்கை ஒன்று மாட்டியிருந்ததை நான் கவனிக்கவில்லை, தூக்கிய வேகத்தில் அது முழுதும் பிரிந்துவிட்டது. ரவிக்கைக்காரி வந்து, "உங்க வீட்டுக்காரருக்கு என்ன ஆச்சு அக்கா?" என்று கேட்க, உன் அக்கா, "எக்சர்சைஸ் பண்றாரும்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் அழுதாளா சிரித்தாளா தெரியவில்லை. இரண்டாம் மாதம் துணி வைக்கும் சின்ன பீரோவுக்கு வந்தேன். காற்று வேண்டுமே என்று அதை வாசற்கதவு வரை நகர்த்திவைத்துத் தூக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் மாடிக்குக் கீழே தெருவில் போன வீட்டுத் தரகர் ஒருவர் அண்ணாந்து பார்த்தார். பீரோ வாசலுக்கு வந்தாயிற்று, காலி பண்ணுகிறார்கள் என்று முடிவு செய்துவிட்டார் மனிதர். அரைமணி நேரத்தில் ஒரு குடும்பமே வீடு பார்க்க வந்து நின்றது. அந்த அம்மாள் சமையலறையைத் திறந்து பார்த்து, "அடுப்பை இந்தப் பக்கம் மாத்தணும்" என்கிறாள். அவர்கள் வீட்டுப் பெரியவர் என் படுக்கையில் உட்கார்ந்து அழுத்திப் பார்க்கிறார். சத்தம் கேட்டு மேலே ஏறிவந்த, எங்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டுக்காரர், "சொல்லாமக் கொள்ளாமக் காலி பண்றீங்களே, இது நியாயமா?" என்று என்னைக் கேட்டார். எனக்கு அது பதினேழாவது தடவை, எண்ணிக்கை விட்டுப்போகக்கூடாது, பதில் சொல்லவும் முடியவில்லை. இருபது முடிந்து மெதுவாக இறக்கியபிறகுதான் விளக்கம் சொன்னேன். யாரும் நம்பவில்லை.

நான்காம் வரிக்கு வருகிறேன். "முடியும் வரை நடக்கவும்." எது முடியும் வரை? வெகுநேரம் யோசித்தேன். நடக்கச் சொல்லியிருப்பதால் பாதைதான் முடிய வேண்டும் என்று தோன்றியது. காலை ஆறு மணிக்குக் கிளம்பி எங்கள் தெருவைப் பிடித்து நேரே நடந்தேன். தெரு சாலையாயிற்று, சாலை நெடுஞ்சாலையாயிற்று, கடைசியில் ஒரு செங்கல் சூளையின் மதிலில் போய் முட்டி நின்றது. மணி பதினொன்று. சூளையில் வேலை செய்யும் பெண் தண்ணீர் கொடுத்து, "யாரையாவது தேடி வந்தீங்களா ஐயா?" என்று கேட்டாள். "இல்லம்மா, ரோடு முடியுதான்னு பாக்க வந்தேன்" என்றேன். அவள் சற்றுத் தள்ளிப்போய் நின்றுகொண்டாள். உன் அக்கா ஆட்டோ பிடித்துத் தெருத்தெருவாகத் தேடி வந்து சேர்ந்தபோது அவள் கண்கள் சிவந்திருந்தன. என்னைப் பார்த்ததும் அவள் திட்டவில்லை. மூச்சு விடுகிறேனா என்றுதான் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து அந்தத் தாளை அன்றுதான் அவள் உட்கார்ந்து படித்தாள். படித்தவள் தலையில் கைவைத்தாள்.

"ஏங்க, இது காலை இல்லீங்க, காலை!"

"அதைத்தானே நானும் சொல்றேன், காலை."

"ஐயோ, இந்தக் காலைங்க!" என்று தன் தொடையில் படீர் படீர் என்று அடித்துக் காட்டினாள்.

"அப்ப ‘த்’ எங்கே?"

"‘த்’ போனாப் போகட்டும். உசிரு இருந்தாப் போதும் எனக்கு" என்று சொல்லி அழுதுவிட்டாள். நாற்பது வருடத்தில் ஓர் ஒற்றுப்பிழையை நான் திருத்தாமல் விட்டது அன்று ஒருநாள்தான். அந்தத் தாள் இன்னும் அப்படியே சுவரில் இருக்கிறது.

மறுநாளிலிருந்து காலையும் தூக்கினேன், காலையிலும் தூக்கினேன். மதில் வரை போகாமல் பாதி வழியில் திரும்பி நடந்தேன். மாப்பிள்ளை, கேள்: பீரோ இப்போது எனக்குத் தலையணை மாதிரி. போன வாரம் அச்சகத்தின் இரண்டு மாடியையும் நிற்காமல் ஏறினேன். ஒன்பதாவது படியை மிதிக்கும்போது வேண்டுமென்றே ஒரு மிதி அழுத்தி மிதித்தேன். டாக்டர் பெண்மணி என் சீட்டைப் பார்த்துவிட்டு, இது வேறு யாருடையதோ என்று நர்சை ஒருமுறை கேட்டார். மாத்திரையில் ஒன்றைக் குறைத்தார். "என்ன பண்ணீங்க?" என்றார். "இலக்கணப்படி நடந்தேன்" என்றேன். உடம்பை அசைத்தால் ஆயுள் கூடும் என்று நீ தொண்டை கிழியக் கத்தியதெல்லாம் உண்மை, உண்மை, உண்மை. என் ஆமையை நான் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

நேற்றுக் காலை கண் விழித்தேன். அறுபத்து மூன்று! கூடத்துக்கு வந்தேன். உன் அக்கா காலண்டருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள், தேதி கிழிக்கக் கை வரவில்லை. நானே கிழித்தேன். அண்ணனை நினைத்துக்கொண்டேன், கண் கலங்கியது. பிறகு என்ன தோன்றியதோ, உன் அக்காவை அப்படியே தூக்கிவிட்டேன். இருபது முறை இல்லை, ஒரே முறை. "இறக்குங்க, இறக்குங்க, வீட்டுக்காரர் வர்றாரு!" என்று கத்தினாள். உன் இரண்டாம் வரிப்படி மெதுவாகத்தான் இறக்கினேன். வாசலில் நின்ற வீட்டுக்காரர், "இந்தத் தடவை நிஜமாவே காலி பண்றீங்க போலிருக்கே" என்றார். "இல்ல சார், இன்னும் இருபது வருஷம் இருக்கப்போறோம்" என்றேன். வீட்டைச் சொன்னதாக அவர் எடுத்துக்கொண்டு சங்கடப்பட்டார்.

உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு முத்தம். நீ நூறாண்டு ஓடியாடி இருக்க வேண்டும், உன் விசில் உன்னைவிட நீண்ட நாள் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
அறுபத்திரண்டைத் தாண்டிய முதல் ஆண்மகன்,
உன் அத்தான்.

பின்குறிப்பு: இந்தக் கடிதத்துக்கு உறை தேடினேன். பரண்மேல் இருக்கும் இரும்புப் பெட்டியில் இருக்கலாம் என்றாள் உன் அக்கா. கனத்துக்குப் பயந்து முப்பது வருடமாக யாரும் தொடாத பெட்டி. இப்போதுதான் என் கைக்கு வலு வந்துவிட்டதே என்று ஏறி ஒரே மூச்சில் இறக்கினேன். உறை இல்லை. அப்பாவின் பழைய நோட்டு இருந்தது. அதில் எங்கள் பிறந்த தேதிகள் அவர் கையெழுத்தில். எனக்குத் தேதி சரி, மாதம் சரி, வருடம் மட்டும் இரண்டு தள்ளி இருக்கிறது. கீழே, "அண்ணனோடு சேர்ந்து போகட்டும் என்று பள்ளியில் இரண்டு வயது கூட்டிச் சொல்லியிருக்கிறேன்" என்று குறிப்பு. ஆக, எனக்கு நேற்று ஆனது அறுபத்தொன்று. அறுபத்திரண்டு இனிமேல்தான் வரப்போகிறது.

நோட்டை மூடி ஒளிக்கப் பார்த்தேன். உன் அக்கா என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டாள். அழப்போகிறாள் என்று பயந்துபோய்த் திரும்பினேன்.

"நல்லதாப் போச்சு. ரெண்டு வயசு குறைஞ்சா, எங்கூட இன்னும் ரெண்டு வருஷம் கூடுதலா இருப்பீங்க. அதானே கணக்கு?" என்றாள்.

அந்தக் கணக்கில் பிழை இருக்கிறதா என்று நான் பார்க்கவில்லை.